நோனாவின் புத்தகமும் ஆயாவின் கிணறும்

ஆயா அந்தப் புத்தகத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விசாரணைத் துரையின் மேசையில் வைத்து, துவாயை மெதுவாகப் பிரித்தார். பச்சை அட்டை, தங்க எழுத்து, ஓரத்தில் ஒரு தென்னை மரம். அது என்ன புத்தகம் என்று எனக்குத் தெரியும். அதன் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியும். பாவம், அந்த மனுசிக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம் அது. நான் காணி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். துரை ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், சனம் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கென்று ஒரு வாய் அங்கே கிடையாது. அன்று விசாரணை மாம்புரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கடலோரத் தென்னந்தோட்டத்தை உண்டாக்கிய வெள்ளைக்காரக் குடும்பம் அதை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டது. வாங்கிய புது முதலாளியோ, தோட்டத்து ஓரத்தில் ஆயா குடியிருந்த வீடு, கிணறு, அதைச் சுற்றி நின்ற தென்னைகள் எல்லாமே தோட்டத்துக் காணிதான் என்று நின்றார். தோட்டம் வரும் முன்பே தன் தகப்பன் கரைவலை இழுத்துப் பிழைத்த வளவு அது என்றார் ஆயா. கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. தெரிந்த பழைய ஆட்கள் செத்துப்போனார்கள். தோற்றால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

என்ன அத்தாட்சி இருக்கிறது என்று துரை கேட்டதை நான் தமிழில் சொன்ன பிறகுதான் அந்தத் துவாய் பிரிந்தது.

"இது எங்கட நோனா, தோட்டத்துத் துரைட பொஞ்சாதி எழுதின புத்தகம், தம்பி. அவட பிள்ளையள் ரெண்டையும் வளத்தது நான். சீமைக்குப் போகக்குள்ள கையில தந்து, 'ஆயா, நீயும் இதில இருக்கிறாய்' எண்டு சொன்னவ. அச்சடிச்ச புத்தகத்தில நான் இருக்கிறனெண்டா, இங்க இருந்தது பொய்யாகுமோ? துரைக்குச் சொல்லுங்க."

அந்தப் புத்தகம் என்றால் சின்ன வயதில் எனக்கு உயிர். தில்லையடியில் நாங்கள் இருந்தபோது பள்ளிக்கூடப் பரிசாகக் கிடைத்தது. காட்டை வெட்டி, கரடியை விரட்டி, கூடாரத்தில் தூங்கி, தென்னம்பிள்ளை நட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை. எத்தனை தடவை வாசித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எங்கள் வளவில் தென்னங்கிடுகால் கூடாரம் கட்டி விளையாடுவோம். நான் துரையின் மகன், தங்கச்சி கூலியாள். "எப்பவும் நான்தான் கூலியா?" என்று அவள் கத்தி அழுதால் உம்மா வந்து கூடாரத்தையே பிடுங்கி எறிந்துவிடுவார். அந்தக் கதை எப்படித் தொடங்கும் தெரியுமா? நாங்கள் வந்திறங்கியபோது இந்தக் கரையில் மனிதர் எவருமே இல்லை என்று தொடங்கும். நான் புத்தளத்துப் பொடியன். என் வாப்பாவின் வாப்பாவை அடக்கியதும் இந்த மண்ணில்தான். அப்படியிருந்தும் அந்த வரி எனக்கு உறைக்கவில்லையே! அவ்வளவு அழகாக எழுதியிருந்தார் அந்த நோனா. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அதே நேரம் கதையில் வரும் கூடாரத்தின் மேல் பெய்த மழையும் காதில் கேட்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

தோட்டத்துக்காக வாதாட வந்த பிறக்கிராசிக்கும் அந்தப் புத்தகம் தெரிந்திருந்தது. முதல் பக்கத்தை வாசித்தாலே போதும் என்று துரையிடம் சொல்லிச் சிரித்தார். துரை உரக்க வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"நாங்கள் வந்து இறங்கேக்க இந்தக் கரையில மனுசர் ஒருத்தரும் இல்ல. மரமும் குரங்கும்தான் எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது."

ஆயா என் வாயையே பார்த்தார். "இத ஆர் சொல்றது? பிறக்கிராசி ஐயாவோ?"

"இல்ல ஆயா. புத்தகத்தில இருக்கு."

"நோனாவோ எழுதினவ?"

"ஓம்."

அவருடைய முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. பிறகு ஆயா வெடித்தார். "அப்ப வந்த அண்டைக்கு அவட பிள்ளைக்குத் தண்ணி குடுத்தது ஆர்? குரங்கோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. துரை சிரிக்கவில்லை. ஆயா விடவில்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் குடத்தோட ஓடினன். அதையும் எழுதினதாச் சொன்னவ. பாக்கச் சொல்லுங்க, தம்பி!"

சொன்னேன். துரை பக்கங்களைப் புரட்டினார். எங்கே தேடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. வீண் வேலை என்று பிறக்கிராசி முணுமுணுத்தார். துரையின் கை புத்தகத்தை மூடப்போவது தெரிந்தது. எனக்கோ அந்த இடம் மனப்பாடம். வந்திறங்கிய அன்றே காய்ச்சலில் குழந்தை அனத்தும்போது, புளியமரத்தடிக் கிணற்றிலிருந்து ஒரு கறுத்த பெண் குடத்துடன் வருவாள், வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோல. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். "மூன்றாம் அத்தியாயம், சேர்."

"இவர் மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா?" என்று பிறக்கிராசி துள்ளி எழுந்தார். துரை கையை உயர்த்தி அவரை இருத்திவிட்டு, அந்த இடத்தைத் தேடி எடுத்து மனதுக்குள் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். புளியமரம் இப்போதும் நிற்கிறதா என்று கேட்டார்.

"நிக்குது. கிணறும் அதுக்குக் கீழதான்."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு பார்க்கப் புறப்பட்டார். பிறக்கிராசி பின்னால் ஓடினார்.

ஆயா வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "அவங்க வருமட்டும் நான் வளத்த சின்னப் பேபிட கதைய வாசிச்சுக் காட்டுங்க, தம்பி. நான் ஒருநாளும் கேட்டதில்ல."

தமிழாக்கி வாசித்தேன். பையன் மரத்திலிருந்து விழுந்தது, ஆமைக்குஞ்சைப் படுக்கைக்குள் ஒளித்தது எல்லாம் கேட்டு, வழக்கை மறந்து வாயைப் பொத்திச் சிரித்தார். ஆயா வரும் இடங்கள்தான் என் உயிரை எடுத்தன. மந்தபுத்திக்காரி, பேய்க்குப் பயந்த தடிச்சி என்றெல்லாம் இருக்கும். கண்ணை ஒரு வரி முன்னால் ஓட்டி, அதையெல்லாம் "எங்கட நல்ல ஆயா" என்று மாற்றிக்கொண்டே போனேன்.

ஆயா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நோனா என்னை இப்பிடி எழுதியிருக்க மாட்டா. எனக்கு நோனாவைத் தெரியும். நீங்கதான் பூசி மெழுகுறீங்க."

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"துரை வந்து என்ட காணியப் பத்திச் சொல்லக்குள்ளயும் இப்பிடித்தானோ? எனக்கு நோகாத மாதிரிச் சொல்லுவீங்களோ? உள்ளத உள்ளபடி வாசிங்க!"

வெட்கத்தில் காது சுட்டது. பக்கத்தைத் திருப்பி, உள்ளபடியே வாசித்தேன். மந்தபுத்திக்காரி என்றபோது தலையை ஆட்டினார். "ஓம், அப்பிடித்தான் ஏசுவா. ஆனா ராவில பிள்ளை அழுதா, இந்த மந்தபுத்திதான் வேணும்."

துரை திரும்பி வந்து முடிவைச் சொன்னார். ஆயா துரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "வீடும் கிணறும் புளியமரமும் உங்களுக்கு. தென்னையெல்லாம் தோட்டத்துக்கு" என்றேன். அந்தத் தென்னைகளில் பாதி, அவர் கையால் நட்டவை.

"முழுசாச் சொன்னீங்களோ, தம்பி?"

"முழுசாச் சொன்னன், ஆயா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புத்தகத்தை எறிந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். திரும்பவும் துவாயில் சுற்றினார். "சின்னப் பேபி இதுக்குள்ள இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்தப் புத்தகம் இன்றும் அச்சாகிறது. போன மாதம் என் மகள் தன் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை அட்டையைத் தடவித் தடவிப் பார்க்கிறது, நான் பார்த்ததுபோல. மகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். "வாப்பா, முதல் பக்கத்த விட்டுட்டு வாசிச்சுக் குடுக்கட்டா?" என்று காதோடு கேட்டாள்.

"விட வேணாம், மகள். அதையும் வாசி. வாசிச்சிட்டு, இது பொய் எண்டு சொல்லு. பொறகு மிச்சத்த வாசி. அழகாத்தான் இரிக்கும்."