மூணு எண்ணு

பஞ்சாலைக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பா அல்ல. பதிவு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவன். அப்பா வாய் நிறையப் பாஞ்சாலி என்றுதான் சொன்னார். அவன் காதில் என்ன விழுந்ததோ, கை என்ன எழுதியதோ, பிறப்புப் பத்திரத்தில் பஞ்சாலை ஆகிவிட்டது. "எழுத்துல பிசகினா மிஷின் உடனே சொல்லிக்காட்டும். மனுசன்தான் சொல்லமாட்டான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு மிஷின்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் வினையாக வந்து நின்றது.

லிங்கி என்ற ஊருக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறி, செனவாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலைக்குப் போனாள். பதினாறு வருடம். சோதனைப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அவள் வாய்க்கு ஏற்ற வேலைதான். அங்கேதான் அசெம்பிளர் அவள் கையில் சிக்கியது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால், நாம் எழுதி வைத்ததைச் சிப்புக்குப் புரிகிற வெறும் எண்களாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. எஞ்சினியர் ஒருவர் தூக்கிப்போட்ட கையேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிழிந்த பக்கத்தையெல்லாம் டேப் ஒட்டிப் படித்தாள். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையைப் பிடித்து, தானாகத் திறக்கும் ஆட்டோ கேட், தண்ணீர் பம்பு, துணி துவைக்கும் மிஷின் என்று எதன் மூளை கெட்டாலும் திறந்து, எழுதி, மூடிக் கொடுக்க ஆரம்பித்தாள். இப்போது வயது ஐம்பத்தொன்று.

போன வருடம் அவள் தம்பி அர்ச்சுனன் வந்து நின்றான். அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். "அக்கா, காட்டுப்பன்னி தொல்ல தாங்கல லா. சின்னச் செம்பனைக் கன்னு ஒண்ண விடமாட்டேங்குது, குருத்தோட தின்னுட்டுப் போவுது" என்றான். பஞ்சாலை இரண்டு வேலிப் பெட்டி செய்து கொடுத்தாள். பேட்டரியில் ஓடும் பெட்டி. விநாடிக்கு ஒரு தடவை வேலிக் கம்பியில் ஒரு மின் அடி. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். பன்றி அலறிக்கொண்டு ஓடும், சாகாது. ஒவ்வொரு அடிக்கும் பெட்டி 'டிக்' என்று சொல்லும்.

அந்த டிக்கை வைத்துத்தான் தோட்டத்து ஆட்களுக்கு அவள் ஒரு பாடம் சொன்னாள். "கம்பிகிட்ட போனா பேசாதீங்க. நின்னு காது குடுத்து மூணு எண்ணுங்க. டிக்குனு கேட்டா கரண்ட் இருக்கு, கை வைக்காதீங்க. மூணு எண்ணியும் சத்தம் வரலன்னா கம்பி செத்துப்போச்சு, தாராளமா தாண்டலாம்." தோட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. பழம் வெட்டுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், மாடு வைத்திருக்கிற முனியாண்டி, எல்லாரும் கம்பி ஓரத்தில் ஒரு கையைத் தூக்கி மற்றவர்களை அமர்த்திவிட்டு எண்ணுவார்கள். பஞ்சாலைக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாவது பெட்டியை இந்த மாதம் தொடக்கத்தில் கொடுத்தாள். தொழிற்சாலைக் காலத்துச் சிப்பெல்லாம் தீர்ந்துபோய், புதுப் பொட்டலம் ஒன்று வாங்கியிருந்தாள். அர்ச்சுனன் வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தினான். கட்டளையை அடித்தாள். திரையில் 'பிழை 0, எச்சரிக்கை 0' என்று வந்தது. சிப்பில் ஏற்றினாள், பெட்டியை மூடினாள், மழை இறங்காமல் விளிம்பில் பசை பூசினாள். கொஞ்ச நேரம் மேசைமேல் ஓடவிட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? எத்தனை பேர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தவள்! பூச்சியம் பிழை என்று மிஷினே சொல்லிவிட்டதே, போதும் என்று விட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு அர்ச்சுனன் போன் செய்தான்.

"அக்கா, முனியாண்டி அண்ணன் மாடு ஒண்ணு வேலி ஓரத்துல செத்துக்கிடக்கு. பாம்பு கடிச்சிருக்கும்னு பேசிக்கிறாங்க. அது கெடக்கட்டும், உன் புதுப் பெட்டி படுத்துக்கிச்சு. மூணு என்ன, அஞ்சு எண்ணியும் சத்தமே இல்ல. எப்பவாச்சும் ஒண்ணு டிக்குங்குது."

"பேட்டரி இறங்கியிருக்கும்டா."

"சரி, அத அப்புறம் பாப்போம். கம்பி வேற தொங்குது. ஸ்டோர்ல ஆணி வாங்கிட்டு, ஒரு மணி நேரத்துல போய் இழுத்துக் கட்டுறேன்."

"கட்டு, கட்டு. சத்தம் இல்லன்னா பயம் இல்ல" என்றாள் பஞ்சாலை. அவள் வாயாலேயே சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தாள். ஆட்டோ கேட் ஒன்றுக்கான மின்சுற்றுப் பலகை. அதே புதுப் பொட்டலத்துச் சிப். விநாடிக்கு ஒரு தடவை சிமிட்ட வேண்டிய சின்ன விளக்கு, சிமிட்டவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு ஒரு தடவை எரிந்து, தயங்கி நின்று, அணைந்தது. மறுபடி இருட்டு. அவளையறியாமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டில் எரிந்தது.

பலகையைத் திருப்பிச் சிப்பின்மேல் இருந்த எழுத்தைப் பார்த்தாள்.

சிப்புக்கு நேரம் தெரியாது. எண்ணத்தான் தெரியும். இத்தனை எண்ணும்வரை அடி, பிறகு இத்தனை எண்ணும்வரை சும்மா இரு என்று அவள் எழுதியிருந்தாள். எண்ணிக்கை சரி. ஆனால் கடையில் வாங்கும் புதுச் சிப் எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் எண்ணும். நாம்தான் ஓர் அமைப்பை மாற்றி அதை முடுக்கிவிட வேண்டும். பழைய சிப்புகளைத் தொழிற்சாலையிலேயே முடுக்கி வைத்திருந்தார்கள், அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. அசெம்பிளருக்கு எழுத்துதான் தெரியும். அந்த எழுத்து எந்தச் சிப்பில் போய் உட்காரும் என்று அதற்கு என்ன தெரியும்? ஆக, மூன்றாவது பெட்டி எட்டு விநாடிக்கு ஒரு தடவைதான் அடிக்கிறது. அடிக்கும்போது எட்டு மடங்கு நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாட்டைப் பாம்பு கடிக்கவில்லை. மூன்று எண்ணிவிட்டுக் கம்பியைத் தொடுகிற மனுசனுக்கு இன்னும் ஐந்து விநாடி மிச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

அர்ச்சுனனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. கம்பி வேலை என்றால் போனை மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டுவிட்டுப் போவான். அதுவும் இந்த மகராசி சொல்லிக்கொடுத்ததுதான். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. கடையைக்கூடப் பூட்டாமல் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். பாவி, பாவி என்று வழியெல்லாம் தன்னைத்தானே ஏசிக்கொண்டு போனாள். சிவப்பு விளக்குகளை அவள் பார்க்கவே இல்லை.

தோட்டத்து மண் ரோடு முடிகிற இடத்தில் பெட்டி தொங்கும் கம்பம். அதற்கு அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி அர்ச்சுனன் குனிந்து நின்றான். நடுவில் தண்ணீர் நிறைந்த பாரிட், ஆழமான வாய்க்கால். தாண்டிப் போக முடியாது. அவன் ஒரு கையில் சுத்தியல். இன்னொரு கை கம்பிக்கு மேலே.

"தொடாதடா! அர்ச்சுனா, தொடாத!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி அவளை அமர்த்தினான். "சும்மா இரு அக்கா, எண்ணிக்கிட்டு இருக்கேன்ல. கரண்ட் இல்ல. நீதான சொன்ன!" என்று சொல்லிக்கொண்டே விரலை மெல்ல இறக்கத் தொடங்கினான்.

கம்பம்வரை ஓடிப் பேட்டரியைப் பிடுங்க நேரமில்லை. என்ன கத்தினாலும் நம்பமாட்டான். அவன் நம்புவது அந்தச் சத்தம் ஒன்றைத்தான். பஞ்சாலை மோட்டார் சாவியைப் பிடுங்கி, பின்னால் இருந்த இரும்புக் கேரியரில் தட்டினாள். டிக். விநாடி விட்டு இன்னொன்று, டிக். மறுபடியும், டிக்.

நெருப்பைத் தொட்டவன்போல அவன் கையை இழுத்துக்கொண்டு பின்னால் தள்ளாடினான். அதே நேரம் பெட்டி தன் சொந்தச் சத்தத்தை ஒரு தடவை எழுப்பியது. தொங்கிய கம்பி ஈரப் புல்லைத் தொட்ட இடத்தில் நீலமாகப் பொறி நின்று எரிந்தது. உடனே அணையவில்லை.

பஞ்சாலை ஓடிப்போய்ப் பேட்டரி ஒயரைப் பிய்த்து எறிந்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அர்ச்சுனனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெட்டி எட்டு விநாடிக்கு ஒரு தடவை அடித்தது என்று அவள் விக்கி விக்கிச் சொன்னதை, பாரிட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டான்.

"யாரும் தொடலையே? வேற யாரும் இந்தப் பக்கம் வரலையே?" என்றாள் பஞ்சாலை.

அவன் வேலி போகிற திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"முனியாண்டி அண்ணன்... மாட்டப் பொதைக்கணும், எப்படித் தாண்டுறதுன்னு கேட்டாரு. கம்பி செத்துப்போச்சு, பயப்படாம போங்கன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

"எப்ப?"

"உனக்குப் போன் போட்டுட்டு, உடனே."

பஞ்சாலை முனியாண்டியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். வேலி ஓரமாகவே கொஞ்ச தூரம் தள்ளி, செம்பனை மரங்களுக்குள்ளிருந்து, அவர் போன் அடிக்கிற சத்தம் கேட்டது. பழக்க தோஷம், அர்ச்சுனன் கையைத் தூக்கி அமர்த்தினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். மூன்று தாண்டியது. எட்டும் தாண்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.