சொல்லாமல் போனவர்கள்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் மில் நண்பர்கள் சேர்ந்து ஒரு நவீன நாடகம் போட்டோம். நாற்காலியில் அப்பா இறந்துகிடப்பார். அது தெரியாமல் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அப்பா நான்தான். "ஏலே, பொணம் கண்ணச் சிமிட்டுது!" என்று கத்திச் சிரித்தே கூட்டம் நாடகத்தைக் கெடுத்தது.

தொண்ணூறுகளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஞாயிறு மதியம் அதையே மறுபடி போட்டோம். இம்முறை நான் அசையவே இல்லை. கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

முடிந்ததும் எழுந்து கும்பிட்டேன். யாரும் கைதட்டவில்லை. தெரிந்தவர்கள்கூட என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவோம். வாசல் குழாயடியில் சிலர் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் பார்க்க வந்திருந்த என் மனைவி, எனக்கு முன்பே வீடு திரும்பியிருந்தாள். கதவைத் திறந்தபோது அவள் தலை ஈரமாக இருந்தது.

"இந்நேரத்துல எதுக்குத் தலைக்குக் குளிச்ச?"

"தெரியல. குளிக்காம உள்ள வர மனசு வரல" என்றவள், என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்கு."

இன்றும் யாராவது 'வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து போனால், ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.