எர்சீலியாவின் வாயும் நீவெஸின் குரலும்

ஒரெஸ்தே பாந்தால்லி ரோம் நகரத் தெருவில் கால் வைத்தால் டிராம் நிற்கும். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, அந்தத் தும்மலை ஒரு தடவை போடுங்களேன்!" என்பார். ஒரெஸ்தே தும்முவார். வண்டியே குலுங்கிச் சிரிக்கும். போர் முடிந்து வயிறு காய்ந்து கிடந்த ஊரைச் சிரிக்க வைத்த நடிகர் அவர். கறிக்கடையில் அவர் பெயரைச் சொன்னால் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள்.

வீட்டில் அவர் சிரிக்க வைத்தது விருந்தாளிகளை மட்டும்தான். அதற்குக் கிடைத்த சரக்கு மகள் எர்சீலியா. அவளுக்குக் கரகரத்த, கனத்த குரல். "உப்பு போதுமாப்பா?" என்று அவள் கேட்டால், அதே கரகரப்பில், அதே இழுப்பில் திருப்பிக் கேட்பார். சாப்பாட்டு மேசையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

"நிலக்கரி வண்டிக்காரன் எவனாவது இந்தப் பக்கம் வந்துட்டுப் போனானான்னு எங்க வீட்டம்மாவ விசாரிக்கணும்," என்பார். மனைவி அப்போது சூப் ஊற்றிக்கொண்டிருப்பாள். தலை நிமிரமாட்டாள்; ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தியதில்லை.

பதினேழு வயதில் எர்சீலியாவை அவர் தன் படத்தில் மகளாகவே நடிக்க வைத்தார். அந்தக் காலத்தில் ரோம் ஸ்டுடியோக்களில் படப்பிடிப்பின்போது யாரும் குரலைப் பதிவு செய்வதில்லை. ஒரு பக்கம் தச்சர் ஆணி அடிப்பார், இன்னொரு பக்கம் இயக்குநர் கத்திக்கொண்டிருப்பார். நடிகர்கள் வாயை அசைத்தால் போதும். பிறகு ஓர் இருட்டறையில் வேறு யாராவது பேசி ஒட்டிவிடுவார்கள். ஒரெஸ்தே உருக்கமான காட்சியில்கூட வாய்க்கு வந்த லாட்டரி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். எர்சீலியா மட்டும் வசனத்தை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். தச்சர் ஒருவர் சுத்தியலை நிறுத்திவிட்டு அவள் பேசுவதைக் கேட்டார். அவர் ஒருவர்தான் கேட்டார்.

முதல் காட்சியன்று திரையில் அவள் வாய் திறந்தது. அதிலிருந்து தேனில் ஊறிய ஒரு குரல் வந்தது.

"அப்பா, அது நான் இல்லையே!"

"கத்தாதே. மூஞ்சி என்னுது, வச்சுக்கிட்டேன். தொண்டை உங்கம்மா வீட்டுச் சொத்து, தூக்கிப் போட்டுட்டேன்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நீவெஸ். இரட்டை நாடி உடம்பு, நல்ல மனசு, ஓயாமல் பெப்பர்மின்ட் சப்புவாள். அதன் பிறகு எர்சீலியா நடித்த எல்லாப் படங்களிலும் நீவெஸ்தான் பேசினாள். ஊர் கிறங்கிப் போனது. ரொட்டிக்கடையில் எர்சீலியாவைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மலரும். அவள் வாயைத் திறந்ததும் சுருங்கும். "எங்க பொண்ணு மாதிரி பேசும்மா, எதுக்கு விளையாடுறே?" என்பார். நாளடைவில் அவள் விரலைக் காட்டி ரொட்டி வாங்கப் பழகிக்கொண்டாள். கையாலேயே பாதிப் பேச்சை முடிக்கிற ஊர் என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அம்மா இறந்த பிறகு எர்சீலியா எழுத உட்கார்ந்தாள். வீட்டைப் பற்றிய புத்தகம். வெளிவந்ததும், 'அப்பா திருத்திக் கொடுத்திருப்பார் போலிருக்கிறது' என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. பதிப்பாளர் தார்க்வினி ஒரு சின்ன நாடக அரங்கத்தில் கூட்டம் ஏற்பாடு செய்தார்.

"ஒரு அத்தியாயம் நானே படிக்கிறேன்," என்றாள் எர்சீலியா. "என் வாயால, என் குரல்ல. ஒரு தடவை போதும் எனக்கு."

"ஜனங்க உங்கப்பா எங்கேன்னுதான் கேப்பாங்க."

"வரட்டும். அவர் காதுல விழணும்னுதான் படிக்கிறதே."

அரங்கம் நிரம்பியது. ஒரெஸ்தே முன்வரிசையில், நீவெஸ் அவர் பக்கத்தில். எர்சீலியா எடுத்தது சூப் ஆறிப்போனதற்காக அம்மாவைப் பனிக்காலத்தில் பால்கனியில் தள்ளி அப்பா கதவைப் பூட்டிய அத்தியாயம். கண்ணாடிக் கதவில் அம்மாவின் மூச்சு படிந்து மறைந்ததை அவள் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம்தான் தாண்டியிருப்பாள்.

"யாருடா இது? ஆம்பளைக் குரல்ல பேசுது!" என்றார் மேல்மாடத்தில் ஒருவர்.

"வேணும்னே பண்றா. அப்பன் புத்தி எங்கே போகும்?"

"உன் சொந்தக் குரல்ல படிம்மா!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எர்சீலியா சத்தத்தை உயர்த்திப் பார்த்தாள். கரகரப்பு கூடியதுதான் மிச்சம்.

ஒரெஸ்தே எழுந்தார். ஒரு தும்மல் போட்டார்; அரங்கம் அடங்கியது. "பாவம், என் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு. நம்ம நீவெஸ் எதுக்கு இருக்கா? ஏறும்மா மேலே."

"வேண்டாங்க ஐயா, அது அவளோட..."

"ஏறுன்னேன்ல."

நீவெஸ் பெப்பர்மின்டைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு மேடையேறினாள். புத்தகத்தை எர்சீலியாவின் கையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தவர் ஒரெஸ்தேதான்.

நீவெஸ் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே சிரிப்பு கிளம்பியது. அந்தக் குரலில் அழுகையை யாரும் கேட்டதில்லை. அந்தக் குரல் வந்தால் பின்னாலேயே ஒரெஸ்தே வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்மா கண்ணாடியைத் தட்டினாள், சிரித்தார்கள். விரல் நீலம் பாய்ந்தது, சிரித்தார்கள். ஒரெஸ்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நான்தான்! அப்படியே நான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பாதிப் பக்கத்தில் நீவெஸுக்கு உறைத்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கூட்டத்துக்கு அதுவும் வேடிக்கையாகப் பட்டது. அவள் திரும்பி எர்சீலியாவைப் பார்த்தாள்.

"முடியலடி," என்றாள், கூட்டத்துக்குக் கேட்காதபடி.

"முடிங்க அக்கா. நடுவுல விட்டா அம்மா வெளியிலேயே நிப்பா."

நீவெஸ் முடித்தாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு கையெழுத்து வாங்க வரிசை கட்டினார்கள், ஒரெஸ்தேயிடம். மகள் எழுதிய புத்தகத்தில் அவர் பெரிய பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டுக்கொடுத்தார். தார்க்வினி கொண்டுவந்திருந்த பிரதிகள் மொத்தமும் தீர்ந்தன. அவர் வாயெல்லாம் பல்.

மேடையோரம் நின்ற எர்சீலியாவிடம் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி வந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்திருந்தது.

"வயிறு புண்ணாயிடுச்சு கண்ணு. தொண்டைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. இதுதான் என் குரல்."

"ஐயையோ!" பெண்மணி பதறிப்போய் எர்சீலியாவின் உதட்டின்மீது விரலை வைத்தாள். "பேசாதே, பேசாதே. சூடாப் பால்ல தேன் விட்டுக் குடி. சரியாகுற வரைக்கும் வாயே திறக்கக்கூடாது, என்ன?"