பீரோவுக்குள் பூட்டிய படங்கள்

நான்சி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஆரணியில் அந்தப் பள்ளிக்கூடத் தெருவுக்கே தெரியும். போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கண்டக்டர் சில்லறை இல்லை என்று இழுத்தால் அவனுக்கும் ஒரு பாட்டு விழும். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் ஒருநாளும் கையை ஓங்கியதில்லை. எழுத்தைக் கண்டு மிரளுகிற பிள்ளைக்குப் படம் காட்டினால் சட்டென்று ஏறிவிடும் என்பது அவர் வருஷக்கணக்காகக் கண்ட உண்மை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தரையில் குப்புறப் படுத்துச் சார்ட் சார்ட்டாக வரைவார். "கல்யாணம் பண்ணிகினது என்னையா, ஸ்கெட்ச் பேனாவையா?" என்பார் கணவர் டேவிட்ராஜ்.

அந்தச் சார்ட்டுகளைத்தான் தலைமையாசிரியர் பரசுராமன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். பிள்ளைகள் கைபட்டால் அழுக்காகிவிடுமாம். அதிகாரி வருகிறார் என்றால் சுவரில் ஏறும், அவர் ஜீப் தெருமுனை தாண்டியதும் இறங்கிவிடும். பிள்ளைகளுக்காகப் போட்ட படத்தைப் பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றுகிறாராம், பெரிய மனுஷர்! நினைத்தாலே நான்சிக்கு வயிறு எரியும்.

போன வாரம் அதிகாரி வருகைக்கு ஒத்திகை நடந்தது. விதை மரமாகிற சார்ட் சுவரில் தொங்கியது. உச்சியில் விதை, அதற்குக் கீழே முளை, அப்புறம் செடி, அடியில் மரம். பரசுராமன் காவ்யா என்ற பெண்ணை எழுப்பிப் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் அடியில் விரலை வைத்தாள்.

"மரம் சின்னதாயி செடி ஆவுது சார். செடி முளை ஆவுது. அப்புறம் வெதையாயி மண்ணுக்குள்ள போயிடுது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இதெல்லாம் தேறாது டீச்சர்" என்று அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார் பரசுராமன்.

இன்று அதிகாரி வருகிற நாள். காவ்யா வரவில்லை. எச்.எம். சார்தான் வர வேண்டாம் என்றாராம், பக்கத்தில் உட்காருகிற பெண் சொன்னாள். நான்சிக்கு ரத்தம் தலைக்கேறியது. அடுத்த வகுப்பு டீச்சரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெயில் என்றும் பார்க்காமல் காவ்யா வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்குள் காவ்யாவின் அப்பா கமலக்கண்ணன் தறியில் உட்கார்ந்து சேலையில் மயில் புட்டா போட்டுக்கொண்டிருந்தார். காவ்யா பக்கத்தில் நின்று, மயில் வரைந்த கிராப் பேப்பரைப் பார்த்து நிறம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பச்சை, பச்சை, அரக்கு, திரும்பப் பச்சை." அவள் விரல் மயிலின் காலில் தொடங்கி, வயிற்றைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது.

நான்சி அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, அடியிலேர்ந்து படிக்கிற?"

"அடியிலேர்ந்துதானே மிஸ் நெய்வாங்க? மேலேர்ந்து சொன்னா மயிலு தலைகீழா நிக்கும்."

அடக் கடவுளே! அத்தனை பேர் சிரித்தோமே, ஏன் அங்கே விரல் வைத்தாய் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? நான்சிக்கு இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"ஜல்தி யூனிஃபார்ம் போடு. கிளம்பு."

"விடுங்க மிஸ்" என்றார் கமலக்கண்ணன், தறியை விட்டு எழாமல். "பெரிய வாத்தியாரே தேறாதுன்னுட்டாரு. அங்க அனுப்பி ஏன் அசிங்கப்படணும்? படிப்ப நிறுத்திட்டு தறி வேலைக்கே பழக்கிடலாம்னு இருக்கேன்."

"அவரு சொன்னா ஆச்சா? இன்னிக்கு ஒருநாள் நீங்களும் வந்து பாருங்க!"

"வரேன். மறுபடியும் எவனாவது சிரிச்சான்னா, அங்கேர்ந்தே கூட்டிகினு வந்துடுவேன்."

பள்ளிக்கூடத்தில் சார்ட்டுகள் சுவரில் ஏறியிருந்தன. நான்சி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, விதையிலிருந்து மரம்வரை பட்டையாக ஓர் அம்புக்குறி போட்டார். "இந்தப் படத்த மேலேர்ந்து கீழ படிக்கணும்டா கண்ணு. இப்ப சொல்லு."

காவ்யா வாசலில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விதையின்மேல் விரலை வைத்தாள். "வெத மண்ணுல விழுது. முளை வருது. செடியாவுது. அப்புறம் பெரிய மரம் ஆயிடுது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சொல்றேன் மிஸ், நானும் சொல்றேன் என்று பிள்ளைகள் எழுந்து வந்து சார்ட்டை மொய்த்துக்கொண்டன.

பரசுராமன் ஓடி வந்தார். "என்னங்க டீச்சர் இது! சார்ட்ல கிறுக்கி வெச்சிருக்கீங்க! ஆபீசர் இன்னிக்கு வரலியாம், நாளைக்குத்தானாம். எல்லாத்தையும் இறக்குங்க, கிழிச்சிடப் போறாங்க!"

"கிழிக்கட்டும் சார்! தொட்டுப் பாக்கத்தான் வரைஞ்சேன். கிழிஞ்சா வேற வரையிறேன். உங்க பீரோவுக்கு இனிமே ஒரு படம் கிடையாது!"

பரசுராமனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த எரிச்சலில் காவ்யாவைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு மட்டும் நாளைக்கு லீவு குடுத்துடுங்க" என்றார்.

நான்சி வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து கமலக்கண்ணன் குரல் வந்தது.

"எம் பொண்ணு நாளைக்கும் வரும் சார். வேணும்னா நீங்க லீவு போட்டுக்கோங்க."