பாண்டி ஆடக் கிடைத்த ஐந்து சில்லு

பாண்டி ஆட்டத்துக்கு நல்ல சில்லு கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஓட்டுத்துண்டு உருளும், டைல்ஸ் உடையும். எட்டு வயதில் எனக்குக் கிடைத்தவையோ சதுரமாக, கனமாக, ஒரே அளவில் ஐந்து. திருடினேன் என்று சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டேன்.

அம்மா சிவில் இன்ஜினியர். அடையாறில் அவள் தன் பொறுப்பில் போடவிருந்த முதல் தளம் அது. பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனாள். மேலே ஏறாதே என்றாள், ஏறினேன். கான்கிரீட் கொட்ட அடித்திருந்த சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பிகளைப் பின்னி விரித்திருந்தார்கள். அவற்றுக்கடியில் அங்கங்கே குட்டி சிமெண்ட் கட்டைகள். ஒரு மூலையில் கம்பியைத் தூக்கித் தூக்கி ஐந்தை உருவினேன்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது கான்கிரீட் லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கட்டட ஓனரும் வந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை பார்க்கப் போன அம்மா அந்த மூலையில் நின்றுவிட்டாள். கம்பி தகட்டில் படுத்துக் கிடந்தது. அப்படியே கொட்டினால் கம்பியின் அடிப்பக்கத்தைக் கான்கிரீட் மூடாது. கடல்காற்றில் துருப்பிடித்துத் தளம் உரிந்து விழும். இதெல்லாம் பிற்பாடு நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது அம்மாவின் கோபம் மட்டும்தான்.

கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டைகள் எங்கே என்று கம்பி மேஸ்திரியைக் கேட்டாள். இந்தம்மாவை நம்பியா தளம் போடுவது என்று ஓனர் அவள் காதுபடவே சொன்னார்.

"நேத்தே அல்லாம் வச்சிட்டேன் மேடம்" என்று ஆரம்பித்த மேஸ்திரியின் பார்வை என் கவுன் பாக்கெட்டில் விழுந்தது. அது புடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஓனரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இல்ல மேடம், இந்த மூலைல நான்தான் மறந்துட்டேன் போல கீது. தோ, வச்சிடுறேன்."

வைத்தார். தளமும் நல்லபடியாக முடிந்தது. நாளையிலிருந்து கம்பி வேலைக்கு வேறு ஆள் என்று ஓனர் சொன்னபோது அம்மா மறுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் ஸ்கூட்டரில் திருவான்மியூருக்குத் திரும்பும்போது, அந்த மேஸ்திரிக்கு அவ்வளவு மறதியா என்று அம்மாவைக் கேட்டேன். நிஜமாகவே அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என் பாக்கெட் அவள் முதுகில் உறுத்தியிருக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, உள்ளே கைவிட்டு ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை, அழுதாள்.

தளம்தான் போட்டாயிற்றே, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.