அம்மையா, கம்பளிப்புழுவா?

தங்கையின் படுக்கை விரிப்பை உதறியபோது ஒரு கம்பளிப்புழு பொத்தென்று தரையில் விழுந்தது. விழுந்த கணத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது: இவளுக்கு வந்திருப்பது அம்மையே இல்லை, இந்தப் புழு பட்ட தடிப்பு!

அப்படித்தான் இருந்தாக வேண்டும். அன்று வெள்ளி. திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் படியேறக் கூடாது. முதல் நாள்தான் தங்கையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அம்மா கோயில் மரத்து வேப்பிலையை வாசலில் செருகி, படுக்கையிலும் பரப்பியிருந்தாள்.

"அம்மா, புழு! இதுதான் புள்ள மேல பட்டிருக்கு!"

"கொன்னுகின்னு வைக்காதடி. வீட்டுல ஆத்தா இருக்கா."

"கொல்லலம்மா, விசாரிக்கப் போறேன்."

பிஸ்கட் டின்னில் அதைப் பிடித்துப் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, அம்மைக்குப் பயந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"இது மசுக்குட்டியெல்லோ! முருங்கையில கூட்டமா இருக்கும். பட்டா உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்."

எங்கள் கொல்லையில் முருங்கை உண்டு. அதன் கீழ்தான் தங்கையின் சட்டைகள் காயும். நான் குதித்தேன்.

"வேம்பிலயும் கண்ட ஞாபகம்..." என்று இழுத்தார் அக்கா.

குதிப்பு நின்றது. வேப்பிலையோடு வந்த புழுவென்றால், புள்ளிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பழியை அதன்மேல் போட முடியாது.

தங்கையையே கேட்டேன். "இத எப்போ பார்த்த?"

"நாளைக்கு," என்றாள் அவள், ஐந்து வயதின் முழு நிச்சயத்தோடு.

சரி, எதைத் தின்கிறது பார்ப்போம் என்று இரண்டு இலைகளையும் டின்னில் வைத்தேன். தின்றால் தெரியட்டும் என்று முருங்கை இலையை முன்கூட்டியே நோட்டில் வைத்து ஓரம் வரைந்துகொண்டேன். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்; வேப்பிலையை வரையவில்லை. மதியம் பார்த்தால் முருங்கை அப்படியே இருந்தது. வேப்பிலையில் ஒரு கடி. இந்தப் புழு கடித்ததா, மரத்திலிருந்தே அப்படித்தான் வந்ததா? சத்தியமாகத் தெரியவில்லை.

"காய்ச்சல் இல்லையேம்மா?"

"நேத்து லேசா சுட்டுச்சு."

"வெயில்ல ஆடினா சுடாதா?"

"உனக்குப் பரீட்சை. அதான் இப்படிப் பேசுற."

அது உண்மைதான். அதுதான் என்னை இன்னும் குழப்பியது. கண்ணால் பார்ப்பது எது, நடக்க வேண்டுமென்று ஆசைப்படுவது எது என்றே பிரிக்க முடியவில்லை.

ஒரு வழிதான் மிச்சம். எழுதுவது வலக்கை, இடக்கை சும்மாதான் இருக்கிறது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தேன். புழுவை அதில் ஊரவிட வேண்டும். தடித்தால் அந்தக் கையைத் தங்கையின் முதுகுக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவைக் கூப்பிட வேண்டும்.