வேன் கதவிலிருந்த நகரச் சின்னம்

புதன், பிற்பகல் 1.45. டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர். பஸ் கட்டணம் அறுபத்திரண்டு டாலர். இடுப்புவலியும் அதில் சேர்த்தி. மாண்ட்ரியல் பெர்ரி நிலையத்தில் இறங்கியபோது ரஜீபன் வேனோடு காத்திருந்தார். டொராண்டோவில் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரருடைய தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். ரோல்ஸ், வடை, இடியப்பம் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். ஊர் பார்க்க வந்த எனக்கு இரண்டு நாள் அவர் வீட்டில்தான் ஜாகை.

சென்னையில் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். வேன் கதவைப் பார்த்ததும் பழைய ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது. கடைப்பெயரைக் காணோம். அந்த இடத்தில் தாம்பாள அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கேடயம், அதில் சிவப்புச் சிலுவை, மூலைக்கு ஒரு பூவாக நான்கு பூ, நடுவில் ஒரு பைன் மரம். மாண்ட்ரியல் நகரத்தின் சின்னம்.

"இதுக்கு அனுமதி வாங்கினீங்களா தம்பி?" என்றேன். வந்து இறங்கிய கையோடு மூக்கை நுழைத்தாயிற்று.

அவர் முன் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த உறையை எடுத்துக் கொடுத்தார்.

"நாலு நாளைக்கு முந்தி வந்தது அக்கா. பிரெஞ்சிலை கிடக்கு. மனுசி சுகந்திக்கும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை எனக்குச் சிற்றிசன் சத்தியப்பிரமாணம். இதாலை அதை நிப்பாட்டிப் போடுவாங்களோ?"

கடிதத்தின் தலையிலும் அதே கேடயம். ஏன்தான் ஒட்டினீர்கள் என்று கேட்டேன்.

"சண்டை நேரம் எங்கடை பக்கத்துச் சென்ரியிலை எல்லா வாகனத்தையும் மறிப்பாங்கள். அரசாங்க முத்திரை போட்டதை மட்டும் விட்டிடுவாங்கள். அப்பாவின்ரை வானை மறிச்சவங்கள். அதுக்குப் பிறகு அவர் வீட்டை வரேல்லை."

சென்ரி என்று அவர்கள் சொல்வது ராணுவச் சோதனைச் சாவடியை. எங்கள் ஊரில் தூரத்து உறவில் ஒரு ஏட்டு இருந்தால் போதும், பைக்கில் போலீஸ் என்று ஒட்டிவிடுவோம், பந்தாவுக்கு. இவர் பயத்தில் ஒட்டியிருக்கிறார். சட்டம் பேச வந்த நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

மாலை 5.30, நகரத்தின் வில்லரே பகுதி. தெருவிலிருந்தே நேராக மாடிக்கு ஏறும் இரும்புப் படி வைத்த வீடு. ரஜீபனின் மனைவி சுகந்திக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளிடம் காட்டுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்த பிறகுதான் ரஜீபன் கடிதத்தை நீட்டினார். வெங்காயம் வெட்டிய கையோடு அவள் நின்றபடியே வாசித்தாள். நகரச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எழுத்தில் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அகற்றிவிட்டுப் படம் அனுப்பவும். முடிந்தது.

"இதுக்கோ நாலு நாளாச் சாப்பிடாமத் திரிஞ்சனீங்கள்?"

"வேறை ஒண்டும் இல்லையோ? வடிவா, ஒரு வரி விடாமப் பார்."

"வடிவாத்தான் பாத்தனான்."

எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். இந்த நாட்டு டிரேட்மார்க் சட்டத்தில் நாடு, மாகாணம், நகரம் எல்லாவற்றின் சின்னத்துக்கும் காவல் உண்டு. யாரும் தன் சரக்குக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதற்காகப் போலீஸ் வராது. "சின்னம் வேணும்னா, பிரஜை ஆனதும் உங்களுக்கே ஒண்ணு கேட்டுத் தலைநகர் ஒட்டாவாவுக்கு எழுதலாம் தம்பி. இங்க சாதாரண ஆளுங்களும் கேக்கலாம்."

"எனக்கு அது வேண்டாம் அக்கா. என்னை மறிக்காம விட்டாக் காணும்" என்றார். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

வியாழன், காலை 10. ஜாரி நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். சீட்டு மூன்றே முக்கால் டாலர். எட்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் நகர மண்டபம். பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர் குடும்பப் பெயருக்கு ஒரு கேடயம் என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். சின்னம் ஆளுக்குத்தான் தரப்படுகிறது, பெயருக்கல்ல. அந்தக் கேடயம் சுவரில் மாட்டத்தான் உதவும். என் பெயருக்கு ஒன்று உண்டா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மாலையில் சுகந்தி தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்ட, ரஜீபன் சின்னத்தை ஓரத்திலிருந்து உரித்தார். நாற்பது நிமிஷம் ஆனது. மொட்டைக் கதவைப் படமெடுத்து அனுப்பினோம். அன்றும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளி, காலை 9. சத்தியப்பிரமாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். கடிதத்தைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், குடியுரிமைப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். சுகந்தி அழுதாள், எனக்கும் கண் நிறைந்தது.

பகல் 12.20. என்னை டொராண்டோ பஸ்ஸில் ஏற்றிவிடப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் ஒரு போலீஸ் கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. யாரும் கேட்காமலே ரஜீபன் கண்ணாடியை இறக்கி, புதுப் பத்திரத்தை வெளியே நீட்டினார். அந்தப் போலீஸ்காரர் பத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்து, "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

"போன்ஜூர் மட்டும்தான் சொன்னவன் அக்கா" என்றார் ரஜீபன்.

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.